பாட்டு பத்திரமாக இருக்கிறது

நம்மவர்கள் குழந்தைப் பாடல் புத்தகங்களைப் பேணுகிற அழகை யாராவது எழுத்தில் பாராட்டியிருக்க வேண்டும். நான் தேடியவரையில் ஒருவரும் எழுதவில்லை. ஆகவே அந்தக் கடமையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

நம் வீட்டு அலமாரிகளைத் திறந்து பாருங்கள். வாங்கி வந்த அன்றைய மேனி அப்படியே இருக்கிறது. அட்டை மடங்கவில்லை, ஓரம் கிழியவில்லை, முதுகுத் தையல் தளரவில்லை. எண்ணெய்க் கை பட்ட கறை இல்லை, எச்சில் விரல் பட்ட ஈரம் இல்லை, க்ரேயான் கோடு ஒன்றுகூட இல்லை. கிளை நூலகத்துக்குப் போனால் அங்கும் இதே சீர்தான். குழந்தை இலக்கியம் என்று எழுதிய தட்டிலிருந்து ஒரு பாடல் தொகுப்பை உருவி, திருப்பித் தரும் தேதியை முத்திரையிடுவதற்காக உள்ளே ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒரு சமூகமே கூடி இவ்வளவு கவனமாக ஒரு பொருளைக் காப்பாற்றுவது எளிய காரியம் அல்ல.

இப்படிப் பாராட்டும் வழியை ஔவையார் காட்டியிருக்கிறார். அதியமானின் தூதாகப் போன அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் உள்ள மனையில் அடுக்கியிருந்தன ஆயுதங்கள். ஔவை கண்டதைக் கண்டபடி புகழ்ந்தார். எங்கள் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சேர்த்துச் சொன்னார். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. அந்தப் பாட்டில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. அதனால்தான் இத்தனை நூற்றாண்டு கழித்தும் அது சுடுகிறது. நானும் உண்மையை மட்டுமே சொல்லிப் பாராட்டப் பார்க்கிறேன்.

பெற்றோரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தக் காவலில் முதல் பங்கு அவர்களுடையது. 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இன்று பெரும் திருவிழாவாகிவிட்டது. மாவட்டத் தலைநகரங்களிலும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கும் குடும்பங்களைப் பார்த்தால் மனம் நிறைகிறது. பணம் இருக்கிறது, ஆசை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தெளிவு இருக்கிறது. "இது எந்த கிளாஸுக்குங்க?" "இதுல ஜி.கே. இருக்கா?" "கதைக்குக் கீழ நீதி போட்டிருக்கா?" பயன் தராத எதுவும் பிள்ளையின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதில் இவர்கள் காட்டும் விழிப்பு பெரிது. ஒரு சிறுமி யானைப் படம் போட்ட பாட்டுப் புத்தகம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா அதை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, "பாட்டுதானடா கண்ணா, அது போன்லயே இருக்கே" என்றார். அதட்டவில்லை, அவ்வளவு அன்பாகச் சொன்னார். கையெழுத்துப் பயிற்சி நோட்டு, பொது அறிவுத் தொகுப்பு, பெருக்கல் வாய்பாடு, தலைவர்கள் வரலாறு ஆகியவற்றோடு அந்தக் குடும்பம் டெல்லி அப்பளக் கடைப் பக்கம் நகர்ந்தது. யானைப் புத்தகம் ஒரு மடிப்பும் விழாமல் மேசையிலேயே இருந்தது.

தாய்மார்களின் குரலைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கும் நம் காலத்தைப் பாராட்ட வேண்டும். முன்பு குழந்தைக்கு ஒரு பருக்கை ஊட்டுவதற்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. தூங்க வைக்கத் தாலாட்டு, கையைத் தட்ட ஒரு பாட்டு, சாய்ந்தாட ஒரு பாட்டு, காக்கையைக் கூப்பிட ஒரு பாட்டு, நிலாவைக் கூப்பிட இன்னொன்று. அதிலும் அமாவாசையன்று நிலா வராது. இன்றைய கைபேசிக்கு அந்தக் குறை கிடையாது. சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்தால் வாய் தானாகத் திறக்கிறது. அலுவலகத்திலிருந்து இருட்டிய பிறகு வீடு திரும்பி, அதன் பிறகு அடுப்பையும் பார்த்துக்கொண்டு பிள்ளைக்கு ஊட்டுகிற பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வீட்டில் அப்பா என்று ஒருவரும் இருக்கிறார், தாத்தாவும் இருக்கலாம். குரலைச் செலவழிக்காமல் சேமிப்பதில் அவர்கள் பல தலைமுறையாகவே கெட்டிக்காரர்கள்.

இந்தச் சேமிப்பின் அருமை தெரிய வேண்டுமானால் நம் முன்னோர் எவ்வளவு ஊதாரிகளாக இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பேசவே தெரியாத குழந்தைக்காகத் தமிழில் ஒரு இலக்கிய வகையையே கட்டி வைத்தார்கள். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடுகிற ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை. நாக்கை அசைத்து ஒலி எழுப்புகிற சமயத்துக்குத் தால். ஒன்பதாம் மாதவாக்கில் இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டக் கற்றுக்கொள்ளும்போது சப்பாணி. பிறகு முத்தம் கேட்க, தளர்நடை நடந்து வரச் சொல்ல, நிலாவை விளையாடக் கூப்பிட என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பருவம். பெரியாழ்வார் கண்ணனைப் பிள்ளையாக்கிப் பாடினார். குமரகுருபரர் மதுரை மீனாட்சியைச் சிறுமியாக்கிப் பாடினார். தெய்வத்தைப் பாடினார்கள் என்றாலும், எந்த மாதத்தில் குழந்தையின் உடம்பு என்ன செய்யும் என்பதைத் தொட்டிலருகே உட்கார்ந்து பார்த்தவர்களுடைய கவனம் அந்தப் பாடல்களில் இருக்கிறது. எழுத்து அறியாத பெண்கள் பாடிய தாலாட்டுகளிலும் அதே கவனம். மாமன் வாங்கி வரும் சீர், அத்தை அடித்த கோபம், ஆற்றில் வந்த வெள்ளம் எல்லாவற்றையும் ஒரு வயதுகூட நிரம்பாத பிள்ளையிடம் சொன்னார்கள். பொருள் புரியுமா என்று அவர்கள் கவலைப்படவில்லை.

அங்கே பாட்டு பெரியவரிடமிருந்து பிள்ளைக்குப் போயிற்று என்பதைக் கவனியுங்கள். கேட்பது பிள்ளையின் வேலை, பாடுவது பெரியவரின் வேலை. நாம் செய்த பெரிய சீர்திருத்தம் இந்தத் திசையை மாற்றியதுதான். இப்போது பாடுவது பிள்ளையின் வேலை. கேட்பது, மதிப்பெண் போடுவது, படம் பிடிப்பது நம்முடைய வேலை.

மூன்று வயதிலேயே இதற்குப் பயிற்சி ஆரம்பமாகிறது. பள்ளியில் சேர்ந்த சில வாரத்துக்குள் பிள்ளைக்கு லண்டன் பாலத்தின் நிலவரம் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால், "அங்கிளுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று நடுக்கூடத்தில் நிறுத்துகிறோம். அது கையை ஆட்டி, இடுப்பை வளைத்துச் சொல்லி முடிக்கிறது. நாம் கை தட்டுகிறோம். ஆங்கிலப் பாட்டு வேண்டாம் என்று சொல்லுகிறவன் அல்லன் நான். அந்தப் பாடல்களின் தாளக்கட்டு அருமையானது, அவற்றைப் பாடி வளர்ந்த பிள்ளைகள் எங்கோ மகிழ்ச்சியாகவே இருந்திருப்பார்கள். அங்கே தாய் பாட, மடியில் இருந்த பிள்ளை கேட்டது. நம் கூடத்தில் பிள்ளை தனியாக நின்று பாடுகிறது, சேர்ந்து பாட ஒருவருக்கும் அந்தப் பாட்டு தெரியாது. அந்தத் தனிமையை இவ்வளவு சிறு வயதிலேயே பழக்கிவிடும் நம் முன்யோசனையை நான் எப்படிப் புகழாமல் இருப்பது?

பள்ளிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பாராட்டுவதற்கு இடம் போதாது. செய்யுளுக்குப் பள்ளிக்கூடம் தருகிற மரியாதையை வேறு எந்த இடமும் தருவதில்லை. பாடப் புத்தகத்தில் உரைநடைக்கு முன்னால் அதற்கு இடம். மனப்பாடப் பகுதிக்குத் தனி அடையாளம். தேர்வில் அடி பிறழாமல் எழுதச் சொல்லி ஒரு வினா. ஒரு சொல் விட்டுப் போனால், ஒரு சீர் அடுத்த அடிக்கு இறங்கிவிட்டால், மதிப்பெண் குறையும். பாட்டின் ஓர் எழுத்துக்குக்கூடச் சேதம் வராமல் காக்கும் காவல் இது. தொண்டைமானின் காவலர்கள்கூட இவ்வளவு கண் விழித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இதற்கும் மேலே நயம் பாராட்டல் இருக்கிறது. நம் கல்விமுறையின் மிக நுட்பமான கண்டுபிடிப்பு அது. ஒரு கவிதையைக் கொடுத்து, அதை ரசிக்கும்படி மாணவனுக்கு வினாத்தாள் கட்டளையிடுகிறது. அவனும் ரசிக்கிறான். திரண்ட கருத்து, மோனை நயம், எதுகை நயம், இயைபு, சந்தம், அணி என்று தலைப்புகள் உண்டு. மோனையின் பெருமைக்கு ஒரு வாக்கியம், எதுகையின் பெருமைக்கு ஒரு வாக்கியம் என்று உரைநூல்கள் ஆயத்தமாகத் தருகின்றன. அவற்றை எழுதி, இடையே விட்ட இடத்தில் வினாத்தாளிலிருந்து நான்கு சொற்களைப் பொறுக்கி வைத்தால் நயம் வந்துவிடும். கவிதையை முழுதாகப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அடிகளின் முதல் எழுத்தையும் இரண்டாம் எழுத்தையும் பார்த்தால் போதும். பாரதி பாட்டுக்கும், ஊர் பேர் தெரியாத ஒருவரின் வாழ்த்துப் பாவுக்கும் ஒரே சொற்களில் ஒரே அளவு பாராட்டு. இவ்வளவு வேற்றுமை பாராட்டாத ரசனையை எந்த அவையிலும் பார்க்க முடியாது.

வஞ்சப்புகழ்ச்சியையும் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். கயவரைத் தேவரோடு சேர்த்துப் பேசும் குறளைக் காட்டி, இதில் பயின்று வந்துள்ள அணி எது என்று கேட்டால் உடனே விடை வரும். புகழ்வது போல் பழிப்பது என்ற விளக்கமும் பிழையில்லாமல் வரும். அந்தக் குறளின் குறும்பைப் பார்த்து ஒரு வகுப்பு வாய்விட்டுச் சிரித்ததா என்று கேட்டால், அதற்கு மதிப்பெண் ஒதுக்கவில்லை. நாற்பது பிள்ளைகள் சேர்ந்து சிரித்தால் பக்கத்து வகுப்பில் கணக்குப் பாடம் கெடும் என்பதும் உண்மை.

அதே பிள்ளைகள் இடைவேளையில் என்ன செய்கிறார்கள்? ஒருவன் பெயரின் இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு இசைவாகப் பத்துச் சொல் அடுக்கி, கேலிப் பாட்டுக் கட்டி விடுகிறார்கள். அது எதுகை. முதல் எழுத்தைப் பிடித்து அடுக்கினால் மோனை. ஒருவரும் கற்றுத் தரவில்லை. பெண் குழந்தைகள் தட்டாங்கல் ஆடும்போது ஒரு கல், இரண்டு கல், மூன்று கல் என்று ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒவ்வொரு பாட்டு வைத்திருந்தார்கள். கல் மேலே போய்க் கீழே வருவதற்குள் அடி முடிய வேண்டும். அசையும் சீரும் உள்ளங்கையில் பழகின. மணி அடித்ததும் அந்தப் பாட்டையெல்லாம் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, எதுகை என்றால் என்ன என்ற வினாவுக்கு விடையை மனப்பாடம் செய்கிறார்கள். கையில் உள்ளதை விட்டுவிட்டு வாயில் உள்ளதைப் பிடித்துக்கொள்ளும் இந்தப் பணிவைக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

ஆசிரியர்களை மட்டும் தனியே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பாட்டை ராகம் போட்டுப் பாடி, பிள்ளைகளையும் பாடவிட்டு ஒரு பாடவேளை கழித்த ஆசிரியரிடம், "போர்ஷன் எங்க இருக்கு?" என்று கேட்பவர்கள் யார்? தேர்ச்சி விழுக்காட்டை வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் நாம்தான். வாரத்துக்கு ஒன்றாக வரும் நூலகப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் விட்டுக் கொடுக்கும் பெருந்தன்மையும் அந்த விழுக்காடு குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் பிறந்ததே. எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நூலகம் எங்கே என்று கேட்டேன். அழகான அறை. ரவி வர்மா பாணியில் சரஸ்வதி படம், வரிசையாகக் கண்ணாடி அலமாரிகள், ஒவ்வொன்றுக்கும் பூட்டு. சாவி தலைமையாசிரியரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். பத்திரமான கையில்தான் இருக்கிறது.

மேடைக்கு வருவோம். ஆண்டு விழாவில் முண்டாசும் கோட்டும் மீசையுமாக நிற்கும் எத்தனை பாரதிகளை நாம் உருவாக்கிவிட்டோம்! கண் மையால் மீசை வரைந்து, கையை உயர்த்தி, பிள்ளை நான்கு அடியை முழங்கி முடிப்பதற்குள் கீழே நூறு கைபேசிகள் உயர்கின்றன. அந்தப் பாட்டின் ஐந்தாவது அடி என்ன என்று அறிய அந்தப் பிள்ளைக்கு விருப்பம் இருந்ததா என்று நாம் கேட்டு அவனைத் தொந்தரவு செய்வதில்லை. 1,330 குறளையும் ஒப்பிக்கும் மாணவருக்கு அரசே பரிசுத் தொகையும் சான்றிதழும் தருகிறது. அதை நான் மனமாரப் போற்றுகிறேன், இதில் உள்ளர்த்தம் எதுவும் இல்லை. மனப்பாடம் கவிதைக்குப் பகை அல்ல. நெஞ்சில் இல்லாத பாட்டு தேவைப்படும் நேரத்தில் வராது. ஆனால் நெஞ்சில் வைத்துக் கொடுத்த பிறகு அந்தப் பிள்ளையோடு ஒரு குறளைப் பற்றியாவது பேசினோமா? "இதில் உனக்குப் பிடித்தது எது? பிடிக்காதது எது?" என்று கேட்டோமா? வள்ளுவரோடு சண்டை போட ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இடம் கொடுத்தோமா? சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். தூசி தட்டவும் தவறுவதில்லை.

நூலகத்துக்கு நாம் செய்திருப்பது கொஞ்சமல்ல. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. நூலகத்துக்கு ஒருநாளும் போகாதவர்கள்கூட அந்த வரியைத் தவறாமல் கட்டுகிறார்கள் என்பது நம் மக்களின் தியாகத்துக்குச் சான்று. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கதையை அவர் அதை விளக்கும்போது சொல்லுகிறார். நாம் சங்கிலி போடும் அநாகரிகத்துக்குப் போகவில்லை. பெரியசாமித் தூரன் முன்னின்று உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் பல நூலகங்களில் பார்வை நூல் பகுதியில், பெரியவர்களுக்கு எட்டும் உயரத்தில், இரவல் தருவதற்கில்லை என்ற குறிப்போடு நிற்கின்றன. குழந்தைகள் என்ற சொல் அட்டையில் இருக்கிறது. குழந்தைகள் கீழே இருக்கிறார்கள். நடுவில் சங்கிலி எதுவும் இல்லை.

சென்னையிலும் மதுரையிலும் உள்ள பெரிய நூற்றாண்டு நூலகங்களில் சிறுவர் பகுதியை அழகாக அமைத்திருக்கிறார்கள், அங்கே பிள்ளைகள் தரையில் கிடந்து படிப்பதை நானே பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் பிள்ளை கால் நடையாகப் போய்ச் சேரக்கூடியது தெருமுனைக் கிளை நூலகம்தான். அங்கே நாளிதழ் படிக்கும் பெரியவர்களின் நிம்மதிக்கு இடையூறு வராமல் அமைதி காக்கப்படுகிறது. பாட்டு என்பது வாய்விட்டுச் சொல்ல வேண்டிய பொருள். வாய்விட்டுச் சொன்னால் "ஷ்ஷ்" என்று வருகிறது. எட்டு வயதில் ஒருமுறை அந்த ஒலியைக் கேட்ட பிள்ளை மறுபடி வந்து நூலகத்தின் அமைதியைக் கெடுப்பதில்லை. 1931-லேயே மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அந்தக் காலத்தவர்களுக்குப் புத்தகத்தை ஓர் இடத்தில் வைத்துப் பூட்டத் தெரியவில்லை.

கவிஞர்களையும் நாம் கைவிட்டுவிடவில்லை. தேரூரில் பிறந்து, ஆசிரியராக வாழ்ந்து, பசுவும் கன்றும் கிளியும் தமிழில் குழந்தைகளோடு பேச வழி செய்த தேசிகவிநாயகம் பிள்ளைக்குக் கவிமணி என்ற பட்டம் கொடுத்தோம். வங்கி வேலையையும் பார்த்துக்கொண்டு ஆயுள் முழுவதும் பிள்ளைகளுக்காகவே எழுதிய அழ. வள்ளியப்பாவுக்குக் குழந்தைக் கவிஞர் என்ற பட்டம் கொடுத்தோம். 1922-இல் புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் பிறந்தவர், 1989-இல் மறைந்தார் என்று போட்டித் தேர்வு எழுதுகிற இளைஞர்கள் நொடியில் சொல்வார்கள். அவர் எழுதிய மாம்பழப் பாட்டைக் கைபேசியில் பொம்மைகள் பாடுகின்றன. பாடியவர் யார் என்று பிள்ளைக்கும் தெரியாது, காட்டுகிற தாய்க்கும் தெரியாது. பட்டம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் என்று மூன்றையும் தனித்தனியே காத்து வருகிறோம். யாழ்ப்பாணத்தில் நவாலியூர் சோமசுந்தரப் புலவரைத் தங்கத் தாத்தா என்றே அழைத்தார்கள். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் வருவதை அவர் பாடியதையும், கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடியதையும் அங்கே வளர்ந்தவர்கள் முதுமையிலும் முகம் மலர்ந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு யாரோ மடியில் வைத்துப் பாடியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த வெருளியை யாராவது அறிமுகம் செய்திருக்கிறார்கள்? கடல் குறுக்கே இருப்பதால் பாட்டு நனையாமல் இருக்கட்டும் என்று விட்டிருப்போம்.

இவ்வளவு பேரைப் பாராட்டிய பிறகு, பாராட்ட முடியாத ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். அது ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி. ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டேன். புத்தகங்களை அங்கே வைத்திருக்கும் விதம் கண்றாவி. அலமாரி கிடையாது, சன்னல் கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டி, துணி உலர்த்துவது மாதிரித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் அட்டை இல்லை. செல்லோ டேப் ஒட்டி, அதன்மேல் மறுபடி ஒட்டி, எழுத்தே தெரியாத பக்கங்கள். ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் யாரோ யானைக்கு ஐந்தாவது கால் வரைந்திருக்கிறார்கள். இன்னொரு பாட்டின் கடைசி இரண்டு அடிகள் பிடிக்காமல் ஒரு பிள்ளை அவற்றை அடித்துவிட்டுத் தன்னுடைய இரண்டு அடிகளைப் பென்சிலால் எழுதியிருக்கிறது. ஆசிரியை அதைத் திருத்தவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. மதிய உணவு முடிந்ததும் அவர் ஒரு பாட்டைப் படிக்கிறார். விளக்கம் சொல்வதில்லை, கேள்வி கேட்பதில்லை. "இன்னொருக்கா டீச்சர்" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள், இன்னொருக்கா படிக்கிறார். மூன்றாம் முறை அவருக்கு முன்னால் அவர்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள். "ஏங்க டீச்சர், இதைப் பரீட்சையில் கேட்பீங்களா?" என்று நான் விசாரித்தேன். "கேட்டா அப்புறம் இதை எப்படிங்க சார் படிக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பள்ளியின் புத்தகங்கள் அடுத்த ஆண்டுவரை தாங்கா. புதிதாக வாங்கப் பணம் வேண்டும் என்று அவர் ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

என் மனத்தில் உள்ளதை இனி மறைப்பின்றிச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்குக் கவிதை பிடிக்கவில்லை என்று நாம் சொல்வது உண்மை இல்லை. அவர்களிடமிருந்து பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டே இருக்கிறோம், அவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நாம் ஒரு கவிதையைப் படித்து மகிழ்ந்து உட்கார்ந்திருப்பதை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டில் பெரியவர் கையில் புத்தகமே இல்லாதபோது பிள்ளையின் கையில் அதைத் திணிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தலைமையாசிரியர்களே, வாரம் ஒரு பாட்டைத் தேர்வுக்கு வெளியே விட்டுவிடுங்கள். அந்தச் சாவியை வகுப்புத் தலைவனிடம் கொடுங்கள். தொலையும் புத்தகங்களைத் தொலைந்ததாகவே எழுதிக்கொள்ளுங்கள். நூலகர்களே, பாடல் தொகுப்புகளைக் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள், சனிக்கிழமை ஒரு மணி நேரமாவது பிள்ளைகள் உரக்கப் படிக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் நாளிதழ் காத்திருக்கும். பெற்றோர்களே, பாட்டுக்குப் பணம் இல்லை, அனுமதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாரதியின் எழுத்துகளை 1949-இல் அரசு வாங்கி, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. குழந்தைக்கென்று அவர் எழுதிய பாட்டும் அதில் அடக்கம். இன்றிரவே அதை எடுத்துப் பாடுங்கள். பாடி முடித்ததும் பிள்ளையிடம் எதுவும் கேட்காதீர்கள்.